விழுந்துகொண்டே

லாங்கென்தால் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம்.
ஜன்னல்களை இறுக்கி அடைத்தோம்.
இந்த விமானத்துக்குக் காற்று ஆகாது என்றேன்,
சிரித்தார்கள்.

வெங்காயச் சருகாய்ச் சீவிய தெர்மோகோல் இறக்கை,
மூக்கில் இத்தனூண்டு செம்புக் கம்பி.
கம்பி நீண்டால் தலைகுப்புற,
குறைந்தால் மூக்கைத் தூக்கி, திணறி, தொப்பென்று.
நோயெமி நகவெட்டியால் மூன்று முறை நறுக்கினாள்.

பிறகு பீட்சா அட்டையைச் சாய்த்துப் பிடித்து
அதன் பின்னால் நடந்தாள்.
அட்டையில் மோதிய காற்று மேலேற
அது விழுந்துகொண்டே இருந்தது,
தரைக்கு மட்டும் வரவில்லை.

"பறக்குதோ, விழுதோ?"
கவிரன் என்னிடம் மட்டும் தமிழில் கேட்டான்.
ரெண்டுந்தான்.

மணி அடித்தது.
அவள் நிற்கவில்லை;
நின்றால் ஏறுகிற காற்றும் நின்றுவிடும்.
காலுறையோடு வாசலைக் கடந்தாள்,
கதவைப் பிடித்தபடி நான் மூச்சை அடக்கினேன்.
தாழ்வாரம். தொங்கும் கோட்டுகள், ஈரக் குடைகள்.
சுவரோடு சுவராய் ஆறாம் வகுப்பு,
எப்போதும் கத்தும் யானிஸ்கூட
வாயைப் பொத்திக்கொண்டு.

எதிரே, வாளியோடு, பள்ளிக் காப்பாளர் ஷ்டுக்கி.
அவர் மூக்கு சுருங்குவதை
முதலில் பார்த்தவள் அவள்தான்.

அட்டையை இடப்பக்கம் திருப்பினாள்.
இடப்பக்கம் தலைமையாசிரியர் அறை,
திறந்திருந்தது.