எண்பத்துமூன்று டிகிரி

வெளியே நாற்பத்தேழு.
உள்ளே, இரும்புக் கட்டிலுக்குக் கீழே,
கிராபிக்ஸ் கார்டு எண்பத்துமூன்று.
பகலெல்லாம் சில்லர்களுக்குக் காய்ச்சல் பார்க்கிறவன் நான்.
ஷார்ஜா ரோலாவில் இருபத்தெட்டு மாடிக்குக்
குளிர் அனுப்புவது என் வேலை.
இந்த ஒரு சாண் பலகைக்கு மட்டும்
அனுப்பத் தெரியவில்லை.

ஆறு வருடக் கார்டு.
வாங்கியபோது கடைக் கண்ணாடிக்குள்
விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.
இப்போது புது ஆட்டங்களின்
குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில்
கடைசி வரியில் நிற்கிறது,
விசா முடியப்போகிறவன்
எச்.ஆர். அறை வாசலில் நிற்பதுபோல.

மழையில் கார் ஓட்டும் ஆட்டம்.
மூன்றாம் வளைவில்
முன்னால் போகிற வண்டி தண்ணீரை வாரி இறைக்கும்.
அங்கேதான் திக்கும்.
நொடிக்கு முப்பத்தொன்று, பத்தொன்பது,
பிறகு வெறும் புகைப்படம்:
கண்ணாடியில் ஒட்டிய துளிகள், கீழே விழாமல்.
நான் மோதியது
மோதி முடித்த பிறகுதான் தெரியும்.

"மழையே இல்லாத ஊர்ல
மழைக்கு ரெண்டாயிரம் திர்ஹமா?"
ரீகன் கேட்டான்.
டப்பாவும் திரையும் அவன் காசு,
கார்டும் மெமரியும் என் காசு.
அவன் இரவு ஷிப்ட், பகலில் அவன் ஆடுவான்.
கால்பந்து மேனேஜர் ஆட்டம்.
பந்து கண்ணில் படவே படாது,
வரிசை வரிசையாக எண்கள்.
அதற்கு இந்தக் கார்டு
இன்னும் நாற்பது வருடம் உழைக்கும்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து பர் துபாய் போனேன்.
காசர்கோட்டு சுபைர் அட்டைப்பெட்டியைத் தடவியபடியே
"அடுத்தது நவம்பரில் வரும்" என்றார்.
போன வருடமும் நவம்பர்தான் சொன்னார்.
காத்திருக்கிறவனுக்கு
எல்லா மாதமும் அக்டோபர்.

சட்டைப்பையில் டேப் எப்போதும் இருக்கும், தொழில் அப்படி.
கார்டு நீளம் முப்பத்துமூன்றரை.
என் டப்பாவுக்குள் இருபத்தொன்பது.
அப்படியானால் டப்பா மாற்று.
டப்பா மாற்றினால் கட்டிலுக்கு அடியில் நுழையாது.
பவர் சப்ளை மாற்று.
அதை மாற்றினால் அறையின் பிரேக்கர் விழும்,
இப்போதே கெட்டிலும் நானும்
ஒரே நேரத்தில் ஓட முடிவதில்லை.
பல் பிடுங்கப் போனவனிடம்
தாடையையும் மாற்றிவிடலாம் என்றால்?

பதினெட்டு திர்ஹமுக்கு
ஒரு சின்ன ஊசிக்குழாய் பசை மட்டும் வாங்கித் திரும்பினேன்.
சுபைர் பில் கூடப் போடவில்லை.

ராத்திரி கழற்றினேன்.
ஒரு தேக்கரண்டி மணல்.
ஆறு வருடமாக எங்கள் ஜன்னல் இடுக்கில் வந்தது
இங்கே வந்துதான் குடியிருந்திருக்கிறது.
பழைய பசை காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.
வேலையிடத்தில் இப்படி ஒரு காயில் பார்த்திருந்தால்
சூப்பர்வைசரிடம் சண்டைக்கே போயிருப்பேன்.

துடைத்து, தடவி, மூடினேன்.
எழுபத்தொன்று.
நொடிக்கு முப்பத்தெட்டு.
நிழல்களை அணைத்தேன், நாற்பத்தாறு.
திரையில் எந்தக் காருக்கும் இப்போது நிழல் இல்லை.
ஜூன் மாத உச்சிவெயிலில் கூரைமேல் நிற்கையில்
எனக்கும்தான் இல்லை. ஓடத்தானே செய்கிறேன்.

சில்லர்களில் தொங்கவிடும் அட்டை ஒன்றை எடுத்து
டப்பாவின் உள்பக்கம் ஒட்டினேன்.
சர்வீஸ் தேதி: எழுதினேன்.
செய்தவர்: கையெழுத்துப் போட்டேன்.
மாற்ற வேண்டிய தேதி:
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.
ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.
புதுப்பித்தால் ஒரு தேதி,
இல்லையென்றால் முப்பது கிலோ பெட்டிக்குள்
எது போகும் என்கிற வேறு கணக்கு.
காலியாக விட்டேன்.

எதிர்க்கட்டிலில் தங்கப்பழம் புரண்டு படுத்தான்.
மறுபடி புரண்டான்.
"என்னடா பண்ணின?
அந்த விசிறிச் சத்தம் இல்லாம
தூக்கமே வரல.
கொஞ்ச நேரம் ஓட்டு."

நிழல்களைத் திரும்பப் போட்டேன்.
மழை பிடித்தது.
மூன்றாவது சுற்றுக்குள் விசிறி இரையத் தொடங்க,
அவன் குறட்டை விட,
வளைவில் ஒரே ஒரு முறை
திக்கியது.