ஒன்றே ஒன்று

ரிக்கோத்தி மலைப்பாதையில் ஒரு குழி.
முன் வலது சக்கரத்தின் விளிம்பில்
மயிரிழை விரிசல்.
அதன் பிறகு காற்று நிற்கவே இல்லை.

"இந்த அச்சு இப்போது வருவதில்லை,
நான்காக வாங்கிக்கொள்"
சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி
ருஸ்தாவிச் சந்தையில் கோச்சா சொன்னான்.

கறுப்புப் பூச்சு, வலைப் பின்னல்:
அதில்தான் மனம் போனது.
அளந்தேன்.
துளைவட்டம் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
என் வண்டிக்கு
நூற்றுப் பதினான்கு புள்ளி மூன்று.
"போகப் போகச் சரியாகிவிடும்" என்றான்.
என் முதல் கல்யாணத்திலும்
இதையேதான் சொன்னார்கள்.

கடைசியில் வெள்ளி நிறம், ஐந்து ஆரம்,
சுமாரான அழகு.
துளைகள் பொருந்தின.
நடு ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிது.
அதற்கொரு பிளாஸ்டிக் வளையம் மாட்டி,
நட்சத்திரம் வரைவதுபோல்
எதிரெதிராக நட்டுகளை இறுக்கினாள்
பட்டறைக்காரி சியாலா.
"ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வா,
மறுபடி இறுக்கணும்."

பழையவை
பால்கனியில்.
உடைந்ததை இரும்புக்காரன் எடுத்துப் போனான்.
ஒரு தப்பும் செய்யாத மூன்றின் மேல்
பனி விழுந்தது.

பிப்ரவரியில் தெலாவியிலிருந்து
தெரியாத குரல்:
"அந்த மாடல் சக்கரம் உங்களிடம் இருக்கிறதாமே?
எனக்கு ஒன்று உடைந்துவிட்டது.
மீதி மூன்றும் புதுசு மாதிரி.
ஒன்றே ஒன்று போதும்."

எனக்கும்தான் ஐயா,
ஆகஸ்டில்.

வாயில் வந்ததைச் சொல்லவில்லை.
விலையைச் சொன்னேன்.
பேரம் பேசினார்.
ஒரு லாரி கூடக் குறைக்கவில்லை.