பதினாலாம் பாடம்

வெள்ளவத்தை லொட்ஜில் மூன்றாம் மாடி, பதினோராம் அறை.
கடலோரம் ரயில் போகும்போதெல்லாம்
ஆணியில் தொங்கும் கண்ணாடிக்குள்
என் முகம் கொஞ்சம் இடம் மாறும்.

“பிரெஞ்சு ரெண்டு வசனம் பாடமாக்குங்கோ,
எயார்போட்டில் உதவும்” என்றான் ஏஜென்சிக்காரன்.
பம்பலப்பிட்டியில் மிஸ் வண்டோர்ட்
மணித்தியாலம் எழுபத்தைந்து ரூபாய்க்குப் படிப்பித்தா.
கூடப்பிறந்த ஆறுபேரும் மெல்பேணில்.
நாய்க்கும் பியானோவுக்கும் விசா கிடைக்கவில்லையாம்,
அதனால் நின்றுவிட்டாவாம்.
சொல்லும்போது சிரிக்கமாட்டா.

பதினாலாம் பாடத்தில் ஓர் இளவரசி. பெயர் ஒதில்.
பிறந்தாள், போனாள், வந்தாள், விழுந்தாள், இறந்தாள்:
இந்த வினைகளுக்கெல்லாம் பக்கத்தில்
‘இரு’ வரவேண்டும், மறக்காதே என்றா மிஸ்.
எனக்கு அது கஷ்டமாயில்லை.
எங்களிடமும் போனவர்கள் போயிருக்கிறார்கள்,
செத்தவர்களும் செத்துப்போயிருக்கிறார்கள்.

முதலில் அவளில் எனக்கு இரக்கம் வரவில்லை.
பாண் கேட்டு அரண்மனை வாசலில் நின்ற பெண்களின்
செருப்பில்லாத கால்களைத்தான்
பாடத்துப் படத்தில் எண்ணினேன். இருபத்திரண்டு.
அவளுக்கோ தலைவாரிவிட மாத்திரம் மூன்று பேர்.
மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் போத்தலோடு நின்றவள்
வேறெந்தப் பக்கம் பார்ப்பேன்?

பிறகு கோபுரச் சிறை.
தகப்பனைக் கூட்டிப்போனார்கள். பிறகு தாயை.
அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை;
சாப்பாட்டில் இரண்டு தட்டுக் குறைந்ததை வைத்து
அவளே கணக்குப் பார்த்தாள்.
ஒவ்வோர் இரவும் காவற்காரன் விளக்கை உயர்த்திப்
பெயர் கேட்பான்.
சொல்வாள்.
தெரிந்த பெயரை, தெரிந்தவனுக்கு.

அன்றிரவு லொட்ஜுக்குப் பொலிஸ் வந்தது.
டோர்ச் வெளிச்சம் முதலில் கட்டிலில், பிறகு பையில், பிறகு என்னில்.
அடையாள அட்டை. பொலிஸ் பதிவு.
எங்கே பிறந்தது? ஏன் கொழும்பு?
பாடமாக்கிய சிங்களம் தொண்டையில் இடறிப்போக
“ஜெ சுயி நே” என்றது என் வாய்.
“மொகத?” என்றான் பொடியன்.
இருபது வயதுகூட இராது, மேலுதட்டில் வியர்வை.
பக்கத்து அறைப் புனிதமலர் அக்கா
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.
அவவின் மகனை அன்று கூட்டிப்போனார்கள்.
சிரித்ததற்காக அல்ல.
நாலாம் நாள் விட்டார்கள்.
அதற்குப் பிறகு அவ என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மீதியை வாசித்தேன்.
எல்லைப் பாலத்தில் ஆறு கைதிகளுக்கு
அவளை மாற்றிக்கொண்டார்கள்.
மார்கழி. காலில் யாருடையவோ பெரிய சப்பாத்து.
பிறகு நாலு அரசர்களின் நாலு குளிர்ந்த வீடுகள்,
ஒவ்வொன்றிலும் விருந்தாளி,
ஒவ்வொன்றிலும் ஒரு மாதம் கூடுதலாய்.
காலுறையைத் தானே தைத்தாள்.
இருபது வருடம் கழித்துத் திரும்பியவள்
தன் தோட்டத்துக்கே வழி கேட்டு நடந்தாள்.
பிறகு மறுபடியும் கலவரம், மறுபடியும் வண்டி.

“இந்த இடத்தில் அழுதாளா, மிஸ்?”
“அது பதினெட்டாம் பாடம்.
அழுகிற வினைக்கு ‘இரு’ வராது.”

பயிற்சி ஒன்பது:
இளவரசியின் வீடு எது? முழு வசனத்தில் எழுதுக.
கீழே இரண்டு புள்ளிக்கோடு விட்டிருந்தது.
நான் எழுதவில்லை.
மிஸ்ஸும் சிவப்புப் பேனையைத் திறக்கவில்லை.
நாய் எழும்பிப்போய்ப் பியானோவுக்குக் கீழே படுத்தது.

செவ்வாய் இரவு ஏஜென்சி ரெலிபோன் எடுத்தது.
லொட்ஜ் மனேஜர் பதிவுப் புத்தகத்தை
என் பக்கம் திருப்பிப் போட்டார்.
வந்த திகதி. போகும் திகதி. நிரந்தர விலாசம்.
முதல் இரண்டையும் எழுதினேன்.
“போட்டு வாறன்” என்றேன், பழக்கதோஷம்.
“ஓம், வாங்கோ” என்றார் நிமிராமல்.
மூன்றாவது கட்டத்தை அவரே நிரப்பினார்:
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, பதினொன்று.