இரண்டு மணி நேரத் தீவு

செவ்வாய்க்கிழமை. ஸ்கேன் சென்டரில் எனக்கு வார ஓய்வு.
மாதேசு லேத் பட்டறையில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார்,
எனக்குக் காய்ச்சல் என்று.
எடப்பாடியில் இறங்கி டவுன் பஸ் மாறினோம்.
எனக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட்.
"காய்ச்சல்காரிக்குச் சலுகை" என்றார்.
நான் சிரித்திருக்கலாம்.
முந்தின இரவு பேசி முடியாத ஓசூர்
பைக்குள் தட்டுவடை செட்டுக்கு அடியில்
நசுங்காமல் வந்துகொண்டிருந்தது.

கல்யாணமான வருஷத்துக் காலண்டரில் ஒரு தீவு.
நீல நீர், ஒற்றைத் தென்னை, இரண்டு சாய்வு நாற்காலி.
அந்தத் தாளை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை.
ஒன்பது வருஷமாக எங்கள் சமையலறையில்
மே மாதம்.

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?
எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை முட்டும்.
உப்புகூட லாரியில்தான் வருகிறது.
"பூலாம்பட்டியில படகு ஓடுது" என்றார் ஒரு காலையில்,
வாய் நிறையப் பற்பசை நுரையோடு.
அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டது
என் தப்புதான்.

படகில் மூன்று பைக், ஒரு கட்டு சோளத்தட்டு,
அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் பல் பிடுங்கப் போகிறவர்
கன்னத்தை ஏந்தியபடி.
நடு ஆற்றில் இறக்கிவிடச் சொன்னதும்
படகுக்காரன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.
"அங்க மணலத் தவிர ஒண்ணும் இல்லீங்களே."
"அதான் வேணும்."
"அந்தத் திட்டு சேலமா, ஈரோடா?"
"தண்ணி குறைஞ்சா ரெண்டு பக்கமும் எங்களுதும்பாங்க.
ஏறுச்சுன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."
இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனான்.

நீளம் என் காலடியில் அறுபத்தெட்டு.
தென்னை இல்லை. கொஞ்சம் நாணல்,
யாருடையதோ ஒற்றை ரப்பர் செருப்பு,
சிறகை விரித்துக் காயப்போட்டிருந்த நீர்க்காகம்.
குடையை மணலில் ஊன்றினார். சாய்ந்தது.
ஆழமாக ஊன்றினார். அதுவும் சாய்ந்தது.
மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைகிற கை
மணலிடம் தோற்பதை
நான் உதவாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி போன் செய்தார்.
"வீட்ல இப்ப எப்படி இருக்கு? என்னப்பா, தண்ணிச் சத்தம்?"
"ஈரத்துணி புழியறேனுங்க. நெத்தியில போட."
நான் வாயைப் பொத்திக்கொண்டு நாணல் பக்கம் ஓடினேன்.
நீர்க்காகம் பறந்துவிட்டது.

சாப்பிட்டோம். பீட்ரூட் சட்னியில் மணல்.
அதன்பிறகுதான் கவனித்தேன்,
ரப்பர் செருப்பைக் காணோம்.
மேட்டூரில் திறந்தார்களோ, கீழே கதவணையை மூடினார்களோ,
ஆறு அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.
பாயை ஒரு முழம் மேலே இழுத்தோம்.
பிறகு இன்னொரு முழம்.
பைக்கு இடம் வேண்டி அவர் மடியில் பை.
குடைக்கு இடம் வேண்டி என் தோளில் குடை.
மணி இரண்டே கால்.

"ஆறாயிரம் கூடத் தராங்க, ஓசூர்ல."
"தெரியும்."
"உன் வேலைய விடச் சொல்லல."
"பின்ன?"
பதில் சொல்லவில்லை.
காலை மடக்கி எனக்கு இடம் விட்டார்.
அவர் இடது கட்டை விரலில் நகம் இல்லை.
எப்போது போனது என்று கேட்டேன்.
"போன வருஷம். ஆடியில. இரும்பு விழுந்துச்சு."
ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறேன்,
ஆடியிலும்.

படகு வந்தபோது எங்களிடம் மிச்சமிருந்தது
ஒரு பாய் அகலம்.
"பயந்துட்டீங்களா?" என்றான்.
கரையேறித் திரும்பிப் பார்த்தேன்.
நாணல் நுனி நாலைந்து ஆடிக்கொண்டிருந்தன,
அவ்வளவுதான்.

ஓசூர் அப்படியே இருக்கிறது.
மே மாதமும் அப்படியே.
அன்று இரவு நிஜமாகவே காய்ச்சல் வந்தது,
அவருக்கு.
விளக்கைப் போடாமல்
ஈரத்துணியைப் பிழிந்தேன்.
அதே சத்தம்.