பத்தொன்பது நாள் குறைவு

ஆர்லோவுக்கு நான்கு வயது முடிய
இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.
பாட்டிலின் முதுகில் பொடி எழுத்து:
நான்குக்குக் கீழே என்றால் கொடுக்காதீர்கள்.

மணி இரண்டு பத்து.
டுலூத்தில் கரையோரம் ஏரி இறுகிக் கிடக்கிறது.
ஹீட்டர் ஊதி ஊதி
வீட்டுக் காற்றைக் கருவாடாக்கிவிட்டது.
அவன் இருமுகிறான்.
நாய் குரைப்பதுபோல் இருந்தால் பயப்படச் சொன்னார்கள்;
காது வைத்துக் கேட்டுவிட்டேன், அது இல்லை.
குளிரில் கிளம்ப மறுக்கும் என் பள்ளிப் பேருந்துபோல
இரண்டு முறை முக்கி
மூன்றாவதில் பற்றிக்கொண்டு
நிற்காமல் ஓடும் இருமல்.

பாட்டில் பெட்ராவுக்கு வாங்கியது. அவளுக்கு ஏழு.
மூடியைத் திறந்தால்
ஒரு திராட்சையையும் பார்த்தறியாத
ஊதா மணம்.

சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட்டிலிருந்து கென்ட் சொன்னான்:
"பாதி கொடு, போதும்."
கொடுக்கக் கூடாத ஒன்றில்
பாதி என்பது எவ்வளவு?

நர்ஸ் உதவி எண்ணில் இருபத்திரண்டு நிமிடம் பியானோ.
பிறகு லோரெய்ன் என்றொரு குரல்.
மூச்சு வாங்குகிறதா? இல்லை.
விலா உள்ளே இழுக்கிறதா?
சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கூச்சத்தில் சிரித்தான். இல்லை.
தண்ணீர் குடிக்கிறானா? குடிக்கிறான், என் சட்டை நனைய.
"அப்படியென்றால் தேன், ஈரக் காற்று, பொறுமை."
பொறுமை எந்த அலமாரியில் என்று நான் கேட்கவில்லை.
வைக்கும் முன் குரலைத் தாழ்த்தினாள்:
"நீங்கள் தூங்கினீர்களா?"

பாட்டிலில் இல்லாத கேள்வி அதுதான்.

பொய் எதற்கு?
இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே
அவன் பல் துலக்கும் பிரஷ்ஷோடு பேசிக்கொண்டிருந்தான்.
சளி அவனுக்கு. தூக்கம் வேண்டியது எனக்கு.
நான்கு நாற்பதுக்கு அலாரம்;
முப்பத்தொரு பிள்ளைகளைப் பனிச் சரிவில்
இறக்கிக் கொண்டுபோக வேண்டியது
இதே இரண்டு கண்களோடு.

கோப்பையில் கோடுவரை ஊற்றினேன்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றினேன்.
விரலில் வழிந்ததை நக்கினேன்:
முதலில் இனிப்பு,
பிறகு, நெடுநேரம், வேறொன்று.

தேன் பாட்டில் கரடி உருவம்.
தலைகீழாய்ப் பிடித்துக் கரடியின் வயிற்றை அமுக்கினேன்.
"கரடி மருந்து," என்றான் ஆர்லோ, வாயைப் பிளந்து,
"கரடி இருமாதா?"
ஷவரைக் கொதிக்கத் திறந்துவிட்டு
மூடிய கழிப்பறைமேல் அவனை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.
ஆவி படர்ந்த கண்ணாடியில்
பதினோரு சக்கரத்தில் ஒரு பேருந்து வரைந்தான்.
டிரைவர் இல்லை.
நான் எங்கே என்றேன். "தூங்குறே," என்றான்.

மூன்று நாற்பதுக்கு என் கழுத்தில் மூச்சு சீரானது.
தேனா, ஆவியா, இல்லை
இருமலுக்கே அலுத்துவிட்டதா, தெரியாது.
நாளை பெட்ரா இருமினால் ஊற்றிக் கொடுப்பேன்,
மறுயோசனை இல்லாமல்.
பத்தொன்பது நாள் கழித்து இவனுக்கும்
கொடுப்பேனோ என்னவோ.

வாசலில் கென்ட்டும் நானும் ஆள் மாறிக்கொண்டோம்.
"கொடுத்தாயா?"
"தேன்."
தலையாட்டினான். அதற்கு என்ன பொருள் என்று
அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆறரை மணி இருட்டு.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு இருமல் ஏறுகிறது,
ஜாக்கெட்டுக்குள் பொதிந்து.
மூன்றாவது நிறுத்தம், ஹால்வர்சன் இரட்டையர்.
ஒன்று இருமிக்கொண்டே ஏறியது.
மற்றது படியிலேயே சொக்கியது;
என்னைக் கடக்கையில்
அந்த ஊதா மணம்.

வாசலில் அவர்களின் அம்மா,
இரவு உடைமேல் கோட், செருப்பில்லாத கால்.
கை தூக்கினாள்.
நானும் தூக்கினேன்.
கதவை மூடியதும்
என் தொண்டையில் லேசாய் ஒரு கரகரப்பு.