முன்கண்ணாடி

நாலுமுக்குல வண்டிய எடுக்கையில மணி ஆறரை.
மார்கழி.
ஏறினது ரெண்டு பேரு.
சொரிமுத்து இடது ஓரம், பட்டவராயன் வலது ஓரம்,
நடுவுல ஒரு மஞ்சப்பை.
பைக்குள்ள தாய்ப்பத்திரம், வில்லங்கம்,
அவுக அப்பா செத்ததுக்குச் சான்று.
அணைக்குக் கீழ ஒரு ஏக்கர் பத்து சென்ட் நஞ்சை,
இன்னைக்கு அம்பையில வச்சு ரெண்டாகுது.

நாலு வருசமாப் பேச்சு கிடையாது.
கீழ இறங்க அன்னைக்கு இருந்த வண்டி இது ஒண்ணுதான்.
வாடகையக் கூட
ஆளுக்குப் பாதியா
தனித்தனி கையில தந்தாக.

காக்காச்சி வருமுன்ன கண்ணாடி போச்சு.

எனக்கா தெரியாது?
உருளைக்கிழங்க வெட்டித் தேய்ச்சுப் பாத்திருக்கேன்.
புகையிலைய நனைச்சுத் துடைச்சிருக்கேன்.
ஒரு ரூவா ஷாம்பூவப் பூசி
பழைய வேட்டித் துணியால மினுக்கியிருக்கேன்,
அது ரெண்டு நாள் தாங்கும்.
காலுறைக்குள்ள கல்லுப்பு கட்டிப் போட்ட வருசம்
உப்பு நீர்த்து வழிஞ்சு
அந்தோணியார் சுரூபத்துக்கு அடித்தகடு
துருப்பிடிச்சதுதான் மிச்சம்.
கையால மட்டும் துடைக்கப்படாது.
எதிர்வண்டி வெளிச்சம் பட்டா
துடைச்ச இடமெல்லாம் சிலந்திவலை.

சரியான வைத்தியம் ஏசி.
குளிருல ஏசியான்னு கேப்பாக.
குளிருக்கு இல்ல வே, உள்ள கிடக்கிற ஈரத்த உறிஞ்ச.
நம்ம ஏசியில கேஸ் பங்குனியிலேயே தீந்து போச்சு;
மெக்கானிக் சொன்ன தொகைக்கு
ரெண்டு மாசத் தவணை கட்டலாம்.

"ஒரு விரக்கடை ஜன்னல இறக்குங்க, ரெண்டு பக்கமும்."
"அவன இறக்கச் சொல்லு மொதல்ல"
அண்ணன் சொன்னது எங்கிட்ட.
"எனக்குச் சளி"
தம்பி சொன்னதும் எங்கிட்ட.

அடுத்த கொண்டை ஊசியில ஒண்ணும் தெரியல.
ஓரங்கட்டி நிறுத்திட்டேன்.

எஞ்சின் நின்னதும் மூச்சுச் சத்தம் மட்டும்.
இடது கண்ணாடியில அண்ணன் மூச்சு,
வலது கண்ணாடியில தம்பி மூச்சு.
அது வரைக்கும் கணக்கு சரி.
முன்கண்ணாடியில நிக்கது யாரோடது?
சர்வேயர் வந்து சங்கிலி பிடிச்சாலும்
அதுல கல்லு நட முடியாது.
எம் மூச்சும் அதுல கொஞ்சம் உண்டு,
பத்திரத்துல எம் பேரு இல்ல.

சொரிமுத்து பையத் தொறந்தாரு.
தாய்ப்பத்திரத்தச் சுத்தியிருந்த பழைய பேப்பர உருவி
நடு சீட்டுல வச்சாரு.
ரொம்ப நேரம் அது அங்கனயே கிடந்தது.
பெறகு பட்டவராயன் அத எடுத்துக் கசக்கி,
எந் தோளுக்கு மேல எக்கி,
கண்ணாடிய வட்டம் வட்டமாத் துடைச்சாரு.

"மூலைய விட்டுட்டியே."

இந்தத் தடவ அது எங்கிட்ட இல்ல.
தம்பி பதில் சொல்லல.
மூலையத் துடைச்சாரு.

மாஞ்சோலை தாண்டி, செக்போஸ்ட் தாண்டி,
அணை கண்ணுல படுகையில
கண்ணாடி தானாத் தெளிஞ்சு கிடக்கு.
கீழ வெயிலு.
அம்பையில ரெண்டு பேரும் கைநாட்டு வச்சாக,
அம்பது சென்ட் ஆளுக்கு,
கிணத்தடி பத்து சென்ட் பொதுவுல.
நான் வெளிய நின்னு டீ குடிச்சேன்.

சாயங்காலம் மேல ஏறுதோம்.
மணிமுத்தாறு அருவி தாண்டினதும் திரும்பவும் குளிரு.
கண்ணாடி மங்கல.
திரும்பிப் பாத்தேன்.
ரெண்டு ஜன்னலும் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு.
நான் ஒண்ணும் சொல்லல.

காத்து பூரா எம் பிடரியிலதான்.