காற்றைக் கொஞ்சம் இறக்கியது

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், காலை ஆறே கால்.
ஷெட்டுக்கு வெளியே பனி. உள்ளே
இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே
இட்லி மேல் இட்லியாக ஒட்டிவைத்த மாதிரி
ஒரு கறுத்த ரப்பர்ப் பை.
அதற்குள் காற்று, தொண்ணூறு பவுண்டு.
எங்கள் எட்டு மாத வேலை அவ்வளவுதான்.

முன்னால் பிக்கப்.
பின்னால் இரண்டேகால் டன்னில் ஒரு வீடு:
கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி,
ஒயிட்ஃபீல்டு தம்பதி தேடித்தேடி எடுத்த
சாம்பல் நிறத் திரைச்சீலை.
சக்லேஷ்பூர் போய் மழை பார்ப்பார்களாம்.
வாங்கிய வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஹம்ப்புக்கு ஹம்ப் யாரோ
பின்மண்டையில் தட்டுகிற மாதிரி இருக்கிறதென்று
அந்த அம்மா அழுதே விட்டாராம்.

இருதயராஜ் அழுகிற ஆள் இல்லை.
கோலார் தங்கவயலில் பிறந்தவர்,
இருபத்தாறு வருஷமாக டிரெய்லர்.
முதுகெலும்பில் நாலுக்கும் ஐந்துக்கும் இடையே
கடவுள் வைத்த மெத்தை தேய்ந்துவிட்டது.
அந்த ஸ்கேன் படத்தை
ஆர்சி புத்தகத்தோடு சீட்டுக்குப் பின்னால்
செருகி வைத்திருக்கிறார்.
"ரப்பர் என்ன மேடம் பண்ணும்"
என்றபடியே சாவியைத் திருப்பினார்.

வீட்டுக்குள், மேஜைமேல்,
விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர்.
சென்சார்கள் பதினொன்று பொருத்தியிருந்தேன்,
நம்பியது டம்ளரைத்தான்.

ஜாலஹள்ளி கிராஸ்.
மேலே மெட்ரோ, கீழே
நேற்று தோண்டி இன்று மூட மறந்த குழி.
பிரேக்.
இங்கே வழக்கமாக ஒரு கணம் தாமதித்து வரும்
அந்த இடி,
முன்வண்டி நின்றபிறகும் நிற்க மனமில்லாத பாரம்
முதுகில் வந்து மோதுமே, அது
வரவில்லை.
பெருமூச்சு மாதிரி என்னவோ ஒன்று.
பிறகு அதுவும் இல்லை.

தாசரஹள்ளி. எட்டாவது மைல். மாதாவரா.
நான் கான்கிரீட் மூட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
இருதயராஜ் கண்ணாடியைப் பார்த்தார்.
மறுபடி பார்த்தார்.
எந்த லாரியும் முந்த வரவில்லை.
மறுபடியும் பார்த்தார்.

நெலமங்கலா சுங்கச்சாவடியில் ஒரு பையன் எட்டிப் பார்த்து
"மனேயா, காடியா?" என்றான்.
அச்சுகளை எண்ணினான், குழம்பினான்,
பெரிய தொகையாகச் சொன்னான்.
கொடுத்துவிட்டு வந்தோம்.

டீக்கடை ஓரமாக ஒதுக்கி நிறுத்தியதும்
இறங்கிப் பின்னால் நடந்தார்.
சங்கிலியைத் தொட்டார். பின்னைத் தொட்டார்.
பையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்,
மாம்பழக் கடையில் அழுத்துகிற மாதிரி.
நான் வீட்டுக் கதவைத் திறந்தேன்.
டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது.
சுற்றிலும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம்.
நடுரோட்டில் கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு.

அவர் சொன்னார்:
"வலிக்கல மேடம். சத்தியமா வலிக்கல.
ஆனா வழி பூரா
கழண்டு எங்கியோ நின்னுடுச்சோன்னு நெனச்சேன்.
இடிச்சாத்தானே இருக்குன்னு தெரியும்?"

நான் பையில் கைவிட்டு,
செப்டம்பரிலிருந்து அதிராத கைப்பேசி
அங்கேயே இருக்கிறதா என்று
தடவிப் பார்த்துக்கொண்டேன்.

டீ வந்தது. சர்க்கரை அதிகம்.
"கொஞ்சம் காத்து எறக்குங்க.
இடிக்க வேணாம். இழுக்கட்டும்."
வால்வை அமுக்கினேன்.
எண்பத்தைந்து. எண்பது.
தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து
எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.
எழுபதில் தலையசைத்தார்.

அறிக்கையில் எழுதினேன்:
பரிந்துரைக்கும் அழுத்தம், எழுபது.
காரணம் என்ற கட்டத்தில்
'ஓட்டுநர் வசதி' என்று எழுதி
அடித்தேன். அது வசதி இல்லை.
கட்டம் சின்னது,
காலியாக விட்டேன்.

திரும்பும்போது, ஜாலஹள்ளிக்கு முன்னால்,
எதிர்ப்பக்கத்துக்கென்றே தோண்டிய இன்னொரு குழியில்
முதுகுக்குப் பின்னே சின்னதாக ஓர் இழுப்பு,
சட்டை நுனியைக் குழந்தை பிடித்த அளவுக்கு.

இருதயராஜ் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஷெட்டில் கதவைத் திறந்தபோது
டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.
மீதியைத் துடைக்கத் துணி தேடினேன்.